மணி குரைத்தால் மீட்டரை எடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து நாய் எசமானுக்குக் காய்ச்சல் கண்ட நாளெல்லாம் சோறு தின்னாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான், ஊருக்குள் 'மாட்டு டாக்டர்'. அதனால் நாயைப் பற்றிய பதிலுக்கு நான் பொறுப்பு. மனுச வைத்தியம் வரும் இடங்களை டாக்டராக இருக்கும் என் மருமகளிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

வணக்கமுங்க டாக்டர். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மாமனாருக்கு 68 வயசு, பத்து வருசமா சக்கரைக்கு மாத்திரை போடறார். எங்க நாய் மணி, நாட்டு நாய்தானுங்க, ஆட்டுப்பட்டிக்குக் காவலுக்கு வளர்த்தது. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு ராத்திரி மூணு மணிக்கு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த மாமனாரோட வேட்டியைப் பிடிச்சு இழுத்து, ஊரே எந்திரிக்கிற மாதிரி கத்துச்சு. பாம்புதான் என்று பேட்டரி லைட்டை எடுத்துக்கிட்டு ஓடினோம். பாம்பு இல்லீங்க, மாமனார் வேர்த்துத் தொப்பலா நனைஞ்சு கிடக்கிறார், கூப்பிட்டால் உளறுறார். மெசினில் பார்த்தால் 48. சக்கரைத் தண்ணி கொடுத்ததும் தெளிஞ்சிட்டார். அப்புறம் இதே மாதிரி மூணு தடவை. இப்ப அவர் பிஸ்கெட் தின்னால் பாதி மணிக்குத்தான். 'எனக்கு டாக்டரே இவன்தான்' என்று ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறார். நாய்க்கு நெசமாவே தெரியுதுங்களா?
வாசகி, வெள்ளகோவில்

தெரிந்திருக்கலாம் அம்மிணி, சாமி சத்தியமாக இது கட்டுக்கதை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது நாய் இல்லை, '48'ம் அதற்குப் பிறகு வந்த 'மூணு தடவை'யும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மூக்கு. மனுசன் மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20, 30 கோடி வரை போகிறது. அது மூச்சு விடும் விதமே வேறு. மூக்குத் துவாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் கீறல் வழியாகக் காற்று வெளியே போவதால் முன்னால் இருந்து வரும் புது வாசனையை அது கலைப்பதில்லை. நாம் குழம்பு கொதிக்கிறது என்று மட்டும் மோந்தால் அது மல்லி, மிளகு, கறிவேப்பிலை என்று தனித்தனியாக மோந்துகொண்டிருக்கும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது நம் உடம்பு வேர்க்கிறது, நடுங்குகிறது, மூச்சில் வெளிவரும் பொருட்களும் மாறுகின்றன. கேம்பிரிட்ஜில் 2016இல் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 8 பெண்களுக்கு, டாக்டர்கள் பக்கத்தில் இருந்தபடியே, சர்க்கரையை மெல்ல இறக்கி மூச்சைச் சோதித்தார்கள். ஐசோப்ரீன் என்ற பொருள் மூச்சில் கணிசமாகக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. நம் மூக்குக்கு அது எட்டாது, நாய்க்கு எட்டக்கூடும் என்றார்கள். நாய் மோந்தது அந்த ஒரு பொருளைத்தானா, நாலைந்தின் கலவையா என்பது வேறு விசயம்.

பயிற்சியே இல்லாத வீட்டு நாய்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2008இல் சர்க்கரை நோயும் நாயும் உள்ள 212 பேரைக் கேட்டதில் 65 சதவீதம் பேர் 'சர்க்கரை இறங்கும்போது எங்கள் நாய் ஏதோ செய்கிறது' என்றார்கள். குரைப்பது, நக்குவது, மடியில் ஏறுவது, முகத்தையே முறைத்துப் பார்ப்பது என்று பல விதம். அதற்கும் முன்னால், 2000ஆம் வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தின் பெரிய மருத்துவ இதழில் மூன்று நாய்களின் கதை வந்தது. டாக்டர்கள் குறும்பாக அதற்கு 'உடம்புக்கு முழுசாக ஒத்துப்போகும், நோயாளிக்கு இணக்கமான புதுவகை எச்சரிக்கைக் கருவி' என்கிற மாதிரி தலைப்பு வைத்திருந்தார்கள். அதில் ஒரு நாய் எசமானியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் எழுந்து ஓடி நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அந்த அம்மா எதையாவது சாப்பிட்ட பிறகுதான் வெளியே வரும். உங்கள் மணி வேட்டியை இழுத்தது, அது ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குணம்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பு. அந்த 65 சதவீதமும் நாய்க்காரர்கள் ஞாபகத்தில் இருந்து சொன்னது. நாய் குரைத்து, சர்க்கரையும் இறங்கியிருந்த ராத்திரி ஆயுசுக்கும் மறக்காது. நாய் குரைத்துச் சர்க்கரை சரியாக இருந்த ராத்திரியை 'நரிக்குக் குரைச்சிருக்கும்' என்று விட்டுவிடுவோம். சர்க்கரை இறங்கி நாய் தூங்கிப்போன ராத்திரி யாருக்குமே தெரியாது, காலையில் மாமனார் 'என்னமோ தலைவலி' என்று எழுந்திருப்பார். இதில் இன்னொன்று, பிஸ்கெட். குரைத்தால் எல்லாரும் எழுந்து வருகிறார்கள், மாமனார் பிஸ்கெட் தின்கிறார், பாதி எனக்கு. இந்தக் கணக்கைப் போட நாய்க்கு மூக்கே வேண்டாம், அறிவு போதும். மூன்றாவது நாலாவது தடவையில் எது வாசனை, எது பிஸ்கெட் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, மணி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். ஒரு மாதத்துக்கு மணி கத்தும்போதெல்லாம் மாமனாருக்கு விரலில் குத்திப் பார்த்து எண்ணை எழுதுங்கள். மணி கத்தாத ராத்திரிகளிலும் வாரத்துக்கு ரெண்டு நாள் அலாரம் வைத்து மூணு மணிக்கு எழுந்து பாருங்கள். தூக்கம் கெடும்தான், ஆனால் கத்தாத ராத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாயை நம்பவும் முடியாது, சந்தேகப்படவும் முடியாது. மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மட்டும் மணிக்கு ஒரு துண்டு கறியோ முட்டையோ கொடுங்கள். சரியாக இருந்தால் திட்டாதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். அப்படித்தான் அது 'பிஸ்கெட் வாசனை'யை விட்டு 'மாமனார் வாசனை'க்குத் திரும்பும்.

இனி அந்த 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே ஆபத்து. மாத்திரை போடுகிறவருக்கு ராத்திரி மூணு மணிக்கு ஏன் இறங்குகிறது? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சில மாத்திரைகள் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டு தோசையோடு முடித்துக்கொண்டு, ராத்திரி மும்முனைக் கரண்ட் வருகிறது என்று எழுந்து போய் தென்னைக்குத் தண்ணி கட்டி, மம்மட்டி பிடித்து மடை மாற்றிவிட்டு வந்து படுத்தால் சர்க்கரை எங்கே நிற்கும்? வயசான காலத்தில் சிறுநீரகம் சோர்ந்துபோயிருந்தால் மாத்திரை உடம்பை விட்டு வெளியேறவும் நேரமாகும். ரெண்டு மாசத்தில் நாலு தடவை என்றால் மாத்திரையையோ அளவையோ மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மணி அதைத்தான் கத்திச் சொல்லியிருக்கிறது, அவர் அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அதற்குப் பிஸ்கெட் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வாரமே கூட்டிப் போங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள்.

அதுவரைக்கும், இறங்கினால் மூணு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணியில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிசம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் இட்லியோ சோறோ ஏதாவது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே கலக்குங்கள், 'நாட்டுச் சர்க்கரை ஏத்தாது' என்று நம்மூரில் பேசுவதெல்லாம் சும்மா, நன்றாகவே ஏற்றும். ஒன்று மட்டும் கவனம். மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் என்றோ அகார்போஸ் என்றோ இருந்தால் சாதாரண சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

என் மகளுக்கு 11 வயது, முதல் வகைச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். சர்க்கரை இறங்குவதை மோந்து சொல்லப் பழக்கிய லேப்ரடார் ஒன்று தருகிறேன் என்று ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். கடன் வாங்கியாவது வாங்கலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். கடன் வாங்குவதாக இருந்தால், கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் அளந்து சொல்லும் சென்சாருக்கு வாங்குங்கள்.

நாய்க்கு முடியாது என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம், மெடிக்கல் டிடெக்சன் டாக்ஸ் என்று பெயர், இதற்கென்றே நாய்களைப் பழக்குகிறது. அங்கே பழகிய 27 நாய்களை 2019இல் சோதித்தபோது, தாழ்சர்க்கரை வந்த நேரங்களில் நடுத்தரமான ஒரு நாய் 83 சதவீதத்தைப் பிடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ரெண்டு வருடம் முன்னால் அமெரிக்காவில் நாயையும் சென்சாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாய்கள் பிடித்தது 36 சதவீதம்தான். நாய் எச்சரித்த நேரங்களில் 12 சதவீதத்தில்தான் நிஜமாகச் சர்க்கரை இறங்கியிருந்தது. ரெண்டும் சொன்ன சமயங்களில் பெரும்பாலும் சென்சார்தான் முந்தியது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், அப்படியிருந்தும் நாய் வைத்திருந்தவர்கள் தங்கள் நாய் மேல் ரொம்பத் திருப்தியாக இருந்தார்கள். பெத்த பிள்ளை பாடத்தில் பெயில் ஆனாலும் 'அவன் நல்ல பையன்' என்று சொல்கிற மாதிரிதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், நாய்க்கு நாய் மாறுகிறது, பழக்குகிறவருக்குப் பழக்குகிறவர் மாறுகிறது. உங்கள் மகளுக்குச் சர்க்கரை இறங்கியபோது எடுத்த வேர்வையையும் உமிழ்நீரையும் வைத்துப் பல மாதம் பழக்கி, வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்து பயிற்சி கொடுத்துச் சரிபார்த்தால்தான் அது வேலைக்கு ஆகும். யாரோ ஒருத்தர் எங்கேயோ பழக்கிய நாயைக் கயிற்றோடு கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போவது மாட்டு வியாபாரம். அந்த ஆளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'எத்தனை தடவை தவறவிட்டது, எத்தனை தடவை வீணாகக் கத்தியது, எழுதி வைத்திருக்கிறீர்களா?' என்று. 'தப்பே பண்ணாதுங்க' என்று பதில் வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

குழந்தைக்கு நாய் ஆசை இருந்தால் ஒரு குட்டியை வளர்க்கட்டும், ராத்திரிக் காவலை சென்சார் பார்க்கட்டும்.

என் அக்கா மகனுக்கு வலிப்பு உண்டு. வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே எங்கள் வீட்டு நாய் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாய் முன்னாடியே கண்டுபிடிக்குமா? நாய் இருப்பதால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மாமா கேட்கிறார்.
வாசகி, அந்தியூர்

மாமாவிடம் சொல்லுங்கள், கூடவே கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று குறைத்தாலே நிற்காத வலிப்பு வரலாம்.

2019இல் பிரான்சில் ரென் நகர ஆய்வாளர்கள், வலிப்பு நோயாளிகளின் மூச்சையும் வேர்வையையும் வலிப்பு வந்தபோதும், உடற்பயிற்சி செய்தபோதும், சும்மா இருந்தபோதும் எடுத்து டப்பாவில் அடைத்து 5 நாய்களிடம் காட்டினார்கள். மூன்று நாய்கள் ஒன்றுகூடத் தவறாமல் வலிப்பு டப்பாவை எடுத்தன, மற்ற ரெண்டும் மூன்றில் ரெண்டு பங்கு சரியாகச் சொல்லின. வலிப்புக்கென்று ஒரு வாசனை இருக்கிறது என்பது அதில் தெளிவாகிவிட்டது. ஆனால் அது வலிப்பு நேரத்து வாசனை, வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் வரும் வாசனை என்று அந்தச் சோதனை காட்டவில்லை. உங்கள் நாய் முன்கூட்டியே உட்காருகிறது என்றால், பையன் அதற்கு முன் கொஞ்சம் சோர்வதையோ நடை மாறுவதையோ ஒரே இடத்தை வெறிப்பதையோ அது கவனித்திருக்கலாம். நாய் இருபத்திநாலு மணி நேரமும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்கு வேறு டிவி கிடையாது.

நாய் போய் உட்கார்ந்தால் பையனைக் கிணற்று மேட்டிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி உட்கார வையுங்கள், அந்த அளவுக்கு அதை நம்புவதில் நட்டமில்லை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பது ரெண்டும் வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, அது பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்தில் தானே நிற்கப் போவதுதான், சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குத் துணி மடித்து வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிசத்தைத் தாண்டினால் 108. அப்புறம், புதிதாக வந்த நாய் வலிப்பைப் பார்த்து மிரண்டு கடிக்கவும் கூடும், பழகும்வரை தனியாக விடாதீர்கள்.

அப்பாவுக்கு சக்கரையால் காலில் ஆறாத புண். நாய் வந்து நக்குகிறது. 'நாய் நாக்கில் மருந்து இருக்குது, விடு' என்கிறார். சரிங்களா?
வாசகர், பொள்ளாச்சி

தப்பு. இந்தப் பழக்கத்தால் நான் பட்ட கோபம் கொஞ்சமில்லை.

நாய் அந்தக் காலுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. கெட்டுப்போகும் சதைக்கு ஒரு வாடை உண்டு, அது நமக்கு முன்னால் நாய்க்குத் தெரியும். அந்த வகையில் அது சேதிதான் சொல்கிறது: புண் உள்ளே மோசமாகிறது. ஆனால் அதன் நாக்கு மருந்து இல்லை. நாய் வாயில் இருக்கும் கேப்னோசைட்டோபேகா என்ற கிருமி சாதாரண ஆளை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும், மண்ணீரல் எடுத்தவருக்கும், குடிக்கிறவருக்கும் உயிருக்கே வினையாகும். வெறிநோய்க் கணக்கில் பார்த்தாலும், கிழிந்த தோலில் நாய் எச்சில் படுவது கடிபட்டதற்குச் சமமான மூன்றாம் வகை. நாய்க்கு வருடாவருடம் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் புண்ணை சோப்புத் தண்ணியில் 15 நிமிசம் நன்றாகக் கழுவிவிட்டு இன்றைக்கே அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சர்க்கரையால் உணர்ச்சி செத்த காலுக்கு நாய் பல் பட்டால்கூடத் தெரியாது. 2010இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒருவர் குடித்துவிட்டுத் தூங்கியபோது அவர் வளர்த்த ஜாக் ரசல் நாய் சீழ் பிடித்திருந்த கால் கட்டைவிரலைத் தின்றே விட்டது, அவர் எழுந்து இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் சோதித்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியும். ஊர்ப் பத்திரிகைகள் 'நாய் உயிரைக் காப்பாற்றியது' என்று எழுதின. எனக்கு அந்த வைத்தியம் வேண்டாம் சாமி.

சர்க்கரைக்காரர் வீட்டு நாய்களுக்கு வரும் ஒரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இல்லாத மிட்டாய், பபுள்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். மனுசருக்கு ஒன்றுமில்லை. நாய் தின்றால் அதன் சர்க்கரை தலைகீழாக இறங்கி வலிப்பு வந்து செத்தே போகலாம். மாமனாரின் மாத்திரை அட்டையைக் கடித்து விழுங்கினாலும் அதே கதி. அலமாரியில் வையுங்கள்.

பேர் போட வேண்டாம். எங்கள் நாய் ஒரு மாதமாக என் இடது மார்பையே மோந்து மோந்து பார்க்கிறது, மூக்கால் இடிக்கிறது. படித்தது எல்லாம் ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது.
தாராபுரம்

பயப்படாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். இந்த வாரத்தில் ஒரு நாள் பெண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கட்டி தட்டுப்படவில்லை என்றாலும், நாய் விடாமல் ஒரே இடத்துக்கு வருகிறது என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், தேவை என்று பட்டால் ஸ்கேன் எழுதுவார்.

நீங்கள் படித்தது எதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் இங்கிலாந்து டாக்டர்கள் ரெண்டு பேர் எழுதியது: ஒரு பெண்ணின் தொடையில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் பேண்ட் போட்டிருக்கும்போதுகூட மோந்துகொண்டே இருந்தது, ஒருநாள் அரைக்கால் சட்டை போட்டபோது அதைக் கடித்து எடுக்கவே பார்த்தது. சோதித்ததில் அது தோல் புற்று, ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன இங்கிலாந்துத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளேர் கெஸ்டுக்கே, அவர் நாய் டெய்சி மார்பில் முட்டி முட்டி, ஆழத்தில் இருந்த புற்று தெரியவந்தது.

இதெல்லாம் நிஜம். ஆனால் எழுதப்பட்டவை நடந்ததால் எழுதப்பட்டவை. மார்பை மோந்து ஒன்றுமே இல்லாமல் போன ஆயிரம் நாய்களைப் பற்றி எந்த இதழும் எழுதாது. புது சோப்பு, பவுடர், வேர்க்குரு, பால் கொடுக்கும் காலம், மாதவிலக்கு, சேலை முந்தானையில் ஒட்டிய கறிக்குழம்பு, எதுவும் காரணமாக இருக்கலாம். 2004இல் முறையாகச் சோதித்தபோது, சிறுநீரை மோந்து சிறுநீர்ப்பைப் புற்றைச் சொல்லப் பழக்கிய நாய்கள் 41 சதவீதம்தான் சரியாகச் சொல்லின. குருட்டாம்போக்கில் எடுத்தாலே 14 வந்திருக்கும் என்பதால் அது பெரிய விசயம்தான், ஆனாலும் பாதிக்கு மேல் தவறு. அதே சோதனையில் ஒரு வேடிக்கை. 'நோயில்லாதவர்' என்று வைத்திருந்த ஒருவரின் சிறுநீரை நாய்கள் திரும்பத் திரும்பக் காட்டின. சந்தேகப்பட்டு அவரைத் திரும்பச் சோதித்தால் சிறுநீரகத்தில் புற்று. ஆகவே நாய் சொன்னதற்காகப் பயப்படவும் வேண்டாம், நாய்தானே என்று சிரிக்கவும் வேண்டாம், காட்டிவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

எல்லாம் வெள்ளைக்காரன் நாயாகவே சொல்கிறீர்களே, நம்ம ஊர் நாய்க்கு மூக்கு இல்லையா?
வாசகர், பெருந்துறை

இருக்கிறதே! கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், வேர்வையையும் சிறுநீரையும் மோந்து தொற்றைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களை நம் ராணுவம் டெல்லியில் காட்டியது. ஒன்று காஸ்பர் என்ற காக்கர் ஸ்பேனியல். மற்றது ஜெயா, நம்ம தெக்கத்திச் சிப்பிப்பாறை. கூடவே மணி என்று இன்னொரு சிப்பிப்பாறையும் பயிற்சியில் இருந்தது. வெள்ளகோவில் மாமனார் இதைப் படித்தால் கையில் பிடிக்க முடியாது.

சிப்பிப்பாறை வேட்டைக்குக் கண்ணை நம்பும் ஓட்டக்கார இனம் என்று பெயர், அதற்கே மூக்கு வேலை வந்திருக்கிறது. நோயை மோப்பம் பிடிக்க இனம் முக்கியமில்லை, மனுசனை விடாமல் கவனிக்கும் குணமும் கற்றுக்கொள்ளும் ஆசையும்தான் முக்கியம். பட்டி காக்கும் நாட்டு நாய்க்கு முதலாவது தாராளமாக உண்டு. ரெண்டாவது அதற்குத் தோன்றினால்தான்.

நாய் ஊளையிட்டால் அந்த வளவில் சாவு விழும் என்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா போன அன்றைக்கு நிஜமாகவே தெரு நாய்களெல்லாம் ஊளையிட்டன. எமன் கண்ணுக்குத் தெரியுமா?
வாசகி, சத்தியமங்கலம்

தாத்தாவைக் கூட்டிப்போக 108 வந்ததா? சைரன் சத்தத்துக்கு நாய்கள் ஊளையிடும், அதன் காதுக்கு அது தூரத்தில் இன்னொரு நாய் கூப்பிடுகிற மாதிரி. சைரன் வந்தது நோவு முற்றியதால், ஊளை வந்தது சைரனால். நாம் கதையைத் திருப்பி வைத்துக்கொள்கிறோம். வராமலே ஊளையிட்டது என்றால், கட்டிப்போட்ட நாய், பருவத்துக்கு வந்த பெட்டை, தூரத்துத் தோட்டத்து நாயின் பதில் என்று மார்கழி ராத்திரியில் ஊளைக்கா பஞ்சம்?

ஆனால் சாகக் கிடப்பவரின் வாசனை மாறுவதை விலங்குகள் உணரலாம் என்பதை ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் ஆஸ்கர் என்ற பூனை, சாகும் தறுவாயில் இருப்பவர் கட்டிலாகப் பார்த்து ஏறிப் படுத்துக்கொள்வதை டேவிட் டோசா என்ற டாக்டர் 2007இல் எழுதினார். அங்கே அந்தப் பூனை ஏறிப் படுத்தால் ஒறம்பரைக்குப் போன் போட்டு வரச்சொல்லிவிடுவார்களாம். பூனையை யாரும் விரட்டவில்லை. நம்மூரில் சிவன் கோயிலுக்குப் போனால் பைரவருக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் நாய்க்கும் சேர்த்து விளக்குப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஊளையிடும் நாய் மேல் கல்லெறிகிறோம்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் நாய் உங்களுக்கு எதையாவது கண்டுபிடித்துச் சொன்னதுண்டா?
வாசகர், கோபி

இல்லை. ரெண்டு வருடம் முன்னால் எனக்கு நெஞ்சடைப்பு வந்தது. விடிகாலை ஐந்து மணி, திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், இடது தோள் கனத்தது, வேர்த்தது, வாயுதான் என்று சீரகத்தை மென்றுகொண்டிருந்தேன். என் ராணி காலுக்கடியில் நாலு காலையும் பரத்திக்கொண்டு குறட்டை விட்டது. கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி. கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து திரும்பிப் பார்த்தவள், 'ஏனுங்க, மூஞ்சி வெளுத்துக் கிடக்குது, எந்திரிங்க' என்றாள், நான் 'ஒண்ணுமில்லை போ' என்றேன், அவள் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பையனின் காரைக் கூப்பிட்டாள்.

ஆறு நாள் கழித்து வீடு திரும்பினேன். ராணி ஓடி வந்து, ஒரு முழத்தில் நின்று, என்மேல் இருந்த ஆஸ்பத்திரி வாடையை மோந்து பார்த்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ரெண்டு நாள் கிட்டவே வரவில்லை.